வடக்குக் கோர்ட்டில் குழி விழாது

ஆவணி 18, வியாழன்

காலையில் பூஜைப் பந்தலுக்கான மூங்கிலை லாரியிலிருந்து நேராக டென்னிஸ் கோர்ட்டில் இறக்கிவிட்டார்கள். என் மனைவி கமலா ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் இரண்டு மண் கோர்ட்டும் போயிற்று. வருஷா வருஷம் நடப்பதுதான். அவர்கள் பந்தல்கால் நடக் குழி தோண்டுவார்கள், துர்கா பூஜை முடிந்ததும் நாங்கள் மூடிக்கொள்வோம். இந்த வருஷம் பூஜை முடிந்த கையோடு மாநிலப் போட்டி வருகிறது. பயிற்சி நின்றால் பிள்ளைகள் நியூ டவுனில் இருக்கும் பெரிய கிளப்புக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

கமலாவின் அப்பா அந்த மண்ணில் பந்து பொறுக்கி கோச் ஆனவர். அவருக்குப் பின் இவள். இப்போது எங்கள் பெண் வித்யாவும் அங்கேதான் சொல்லிக்கொடுக்கிறாள்.

"சாமி காரியம், விட்டுடுங்க" என்றாள் கமலா.

எனக்கு மனசு கேட்கவில்லை. கடையைப் பாதியில் சாத்திவிட்டு பூஜைக் கமிட்டிச் செயலாளர் பாபி தாவைப் பார்க்கப் போனேன். வங்காளிகளுக்கு அண்ணன் என்றால் தா, தாதா; அக்கா என்றால் தீதி.

"உங்க மளிகைக்கடைய நகர்த்தச் சொன்னா நகர்த்துவீங்களா, தாதா?" என்று சிரித்தார்.

"வியாபாரம் வரும்னா நகர்த்துவேன். உங்க பேத்தி போட்டிக்கு எங்க பழகுவா?"

சிரிப்பு நின்றது. மூங்கிலைத் திரும்பிப் பார்த்தார்.

"கமலா தீதிக்கு ஒரு கோர்ட் போதுமா?"

"விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சா போதும்."

"அப்ப அஷ்டமியன்னிக்கு எல்லாருக்கும் போடற கிச்சடிக்கு அரிசி?"

அவரும் வியாபாரிதான்.

பேசி முடித்தது இது. வடக்குக் கோர்ட்டில் ஒரு குழிகூட விழாது. தெற்குக் கோர்ட்டை விசர்ஜனத்துக்கு மறுநாளே அவர்கள் ஆளே மூடித் தரவேண்டும். கிச்சடிக்கு அரிசியும் நெய்யும் என் கடையிலிருந்து, இந்த வருஷம் மட்டும்.