எல்லோரும் திரும்பிப் பார்க்கிற கதவு

சுண்டுக் குட்டிக்கு அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். அதைக் கேட்கக் கை வரவில்லை. எட்டு நாள் காய்ச்சலில் நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. எந்த விலாசத்துக்கு அனுப்புவேன்? எழுதி முடித்ததும் உன் துணிப்பெட்டியில்தான் வைக்கப்போகிறேன். நாலாவதோடு நின்றவள் நான். தப்பு இருந்தால் முன்பு போலச் சிவப்பு மையில் சுழித்துக் கேலி பண்ணாதே.

வீட்டில் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. அப்பாவுக்கு இருமல் விட்டது. மேஜிக் காட்ட மேடை ஏறினால் வாய் மூடாத மனுஷன், வீட்டில் தண்ணீர், போதும் என்ற இரண்டு வார்த்தையோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்.

அந்த ஆரஞ்சு வித்தைதான் இப்போது எங்களைப் பாடாய்ப் படுத்துகிறது. உனக்குத் தெரியாததா? காலித் தொப்பியைக் காட்டிவிட்டு, கோட்டின் உள்பக்கம் நான் தைத்துக் கொடுத்த பையிலிருந்து பழத்தை அதற்குள் போட வேண்டும். காசு என்றால் விரலிடுக்கில் ஒளியும். முழுப் பழத்தை எந்தக் கை ஒளிக்கும்? அந்த ஒரு நொடி கூட்டம் மொத்தமும் வேறு பக்கம் பார்த்தால்தான் உண்டு. அதற்கு வாய்தான் வேலை செய்ய வேண்டும்.

ஆறு வயதில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு, ஆட்டத்தின் நடுவே ஹாலின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாயே, அன்றைக்குத்தான் அந்தப் பேச்சு அவர் வாயில் வந்தது. "அட, என் பொண்ணு சாப்பாடு கொண்டாந்துட்டா. கொஞ்சம் வழி விடுங்க." அத்தனை பேரும் திரும்பினார்கள். பழம் உள்ளே போய்விட்டது. மறுநாளிலிருந்து நீ வராமலே வந்துகொண்டிருந்தாய். வெறும் கதவைப் பார்த்து ஏமாந்தவர்களிடம், சோறு வராவிட்டால் என்ன, பழம் வந்துவிட்டது என்று எடுத்து நீட்டுவார். கூரை அதிரும்.

வெளியூர் வேலைக்குப் போன பிறகும் போனில் உன் முதல் கேள்வி அதுதான். "இன்னைக்கு நான் வந்தேனாப்பா?" வந்தாய், எல்லோரும் உன்னைத்தான் பார்த்தார்கள் என்பார் அவர்.

நீ போன பிறகு மூன்று மாதம் கோட்டைத் தொடவே இல்லை. அப்புறம் அந்த ஓட்டல்காரர் கூப்பிட்டார். சனிக்கிழமை தோறும் பெரிய ஹாலில் நடக்குமே, அந்த ஆட்டத்துக்கு. உன் பேச்சு மட்டும் வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன். சரி என்று, மாமியார் வந்துவிட்டாள் என்று மாற்றிச் சொன்னார். நன்றாகச் சிரித்தார்கள். அவரைப் பார்த்தே சிரித்தார்கள். ஒரு தலை திரும்பவில்லை. அடுத்த வாரம் மேனேஜர் வந்துவிட்டார் என்று சொல்லிப் பார்த்தார். பாதிப் பேர் திரும்பினார்கள், மீதிப் பாதி பழத்தைப் பார்த்துவிட்டது.

வாய்தானே, வேறு எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபப்படவில்லை. "சும்மா சொன்னா எவனும் திரும்ப மாட்டான்டி. சொல்றவன் கண்ணுல ஆள் தெரியணும். எனக்கு அந்தக் கதவுல அவ மட்டும்தான் தெரியறா."

நான் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன்.

பழ வித்தை நோட்டீசில் அச்சாகியிருக்கிறது, குழந்தைகள் அதற்குத்தான் வருகிறார்கள் என்றார் மேனேஜர். இவர் இடத்துக்கு வரப் பொம்மலாட்டக்காரர் ஒருவர் காத்திருக்கிறாராம். அதனால் போன சனிக்கிழமை, காலரை நீவிவிடும்போது, அவள் வந்ததாகவே சொல்லிவிடுங்கள் என்று என் வாயாலேயே சொன்னேன்.

சொன்னார். நான் மேடை ஓரத்தில் பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். எல்லாத் தலையும் திரும்பியது. இத்தனை வருஷமாக ஒரு நாளும் திரும்பாத நானும் திரும்பினேன். கதவருகில் தண்ணீர்த் தட்டோடு சர்வர்தான் நின்றிருந்தான். சிரித்துக்கொண்டே கூட்டம் முன்னால் திரும்பிவிட்டது. அவர் பார்வை மட்டும் திரும்பவில்லை. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். முன்வரிசையில் ஒரு குழந்தை, "மாமா, பழம் கையிலயே இருக்கு" என்றது. இதுவும் வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். நான் பாட்டைப் பெரிதாக வைத்தேன். வேறென்ன செய்வேன்?

பஸ்ஸில் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பிவிட்டார். நாளை சனிக்கிழமை. சொல்லவா, வேண்டாமா என்று காலையிலிருந்து மூன்று தடவை என்னைக் கேட்டுவிட்டார்.

நாளைக்கு மட்டும் அப்பா கண்ணில் படாமல் இரு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பெற்ற பிள்ளையிடம் வராதே என்று எப்படி எழுதுவேன்? நீ எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு. தலை ஈரத்தோடு படுக்காதே. நன்றாக இரு, கண்ணே.

அவருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? நாளைக்கு அப்பா உன்னைக் கூப்பிடட்டுமா, வேண்டாமா?

உன் அம்மா