ரெண்டு சேனல் போதும், மச்சான்

காயல்பட்டினம்,
வியாழக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள மச்சானுக்கு,

சண்டை போடுறதா இருந்தாலும் சலாம் சொல்லிட்டுத்தான் தொடங்கணும்னு எங்க வாப்பா சொல்லுவாங்க. அதனால, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். தங்கச்சி பிரசவத்துக்கு உம்மா சென்னை போய் மூணு மாசம் ஆகுது, அங்கனயும் எல்லாரும் சுகம்.

கையில போன் இருக்க இவ எதுக்குக் கடிதம் எழுதுதான்னு நினைப்பீங்க. உங்க ரூம்ல ஆறு பேர். நான் இங்க மூக்கை உறிஞ்சினா அங்கன ஆறு பேருக்கும் கேக்கும். அதனால நம்ம பேச்சு எல்லாம் சாப்பிட்டாச்சா, என்ன கறின்னு அதோட நின்னுபோகுது. கல்யாணம் ஆன ஆறு வருஷத்துல உங்களைப் பத்தி எனக்கு நல்லாத் தெரிஞ்சது நீங்க என்ன கறி சாப்பிட்டீங்கங்கறதுதான். லீவுல வந்த அகமது மீரான் காக்கா ஞாயித்துக்கிழமை ரியாத் திரும்புதாங்க. தம்மடைப் பலகார டப்பாவுக்கு அடியில இதை வச்சு அனுப்புதேன். தம்மடையை எல்லாருக்கும் பிச்சுக் குடுங்க, இதை மட்டும் தனியா உக்காந்து படிங்க.

கடையில ரெண்டு ஆஸிலோஸ்கோப்பைப் போட்டோ பிடிச்சு அனுப்பி, எது நல்லதுன்னு விவரமா எழுதுன்னு சொன்னீங்கள்லா. எழுதுதேன். சூப்பர்மார்க்கெட் குடோன்ல அரிசி மூட்டை பார்க்கிற உங்களுக்குப் புரியுற மாதிரியே எழுதுதேன். மல்ட்டிமீட்டர் வோல்டேஜ் இவ்வளவுன்னு ஒரு நம்பர் சொல்லிட்டுச் சும்மா இருந்துரும். ஆஸிலோஸ்கோப் அந்த வோல்டேஜ் எப்ப ஏறுது, எப்ப இறங்குதுன்னு திரையில கோடு போட்டுக் காட்டும். போர்டு பழுது பார்க்கிற எனக்கு அது கண்ணு மாதிரி.

சின்னதுல ரெண்டு சேனல், பெருசுல நாலு. அதாவது ஒரே நேரத்துல ரெண்டு இடத்தைத் தொட்டுப் பார்க்கலாமா, நாலு இடத்தைத் தொட்டுப் பார்க்கலாமாங்கற வித்தியாசம். வேகம், சின்னது ஐம்பது மெகாஹெர்ட்ஸ், பெருசு இருநூறு. என் கைக்கு வர்றது இண்டக்சன் அடுப்பு, இன்வெர்ட்டர், எல்.ஈ.டி. பல்பு. நம்ம முடுக்குச் சந்துக்குள்ள ஓட்டுறதுக்கு எதுக்கு மச்சான் ரேஸ் பைக்கு?

ஆனா பொய் சொல்ல மாட்டேன். சின்னது எட்டு பிட். ஏறி இறங்குறதை இருநூத்தி ஐம்பத்தாறு படியாத்தான் பிரிச்சுக் காட்டும். பெருசு பன்னெண்டு பிட், நாலாயிரத்துச் சொச்சம் படி. சின்னதுல கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் மயிரா வர்ற கோடு, பெருசுல நூல் பிடிச்சாப்ல நிக்குது. நினைவும் பெருசுக்கு எத்தனையோ மடங்கு. நீளமாப் பதிஞ்சு வச்சுக்கிட்டு, வேணுங்கற இடத்தை அப்புறமா விரிச்சுப் பார்க்கலாம். சின்னதுல ரெண்டு சேனலுக்கும் ஒரே திருகுதான். ஒண்ணைத் திருகுறதா நினைச்சு இன்னொண்ணைத் திருகிட்டு அரை மணி நேரம் முழிச்சேன்.

எங்கன போய்ப் பார்த்தேன்னு கேப்பீங்க. செவ்வாய்க்கிழமை காலை ரயிலைப் பிடிச்சு பாளையங்கோட்டைக்குப் போனேன். நான் படிச்ச பாலிடெக்னிக்ல, என்கூடப் படிச்ச எப்சி இப்ப லேப்ல வேலை பார்க்கா. ரெண்டு வகையும் அங்க இருக்கு. பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமா லாத்தாவோட இன்வெர்ட்டர் போர்டையும் பையில எடுத்துட்டுப் போனேன். அது ஒரு சண்டாளப் பழுது. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், என்னைக்காவது ஃபிரிட்ஜ் ஆன் ஆகும்போது மட்டும் ஒரு நொடி செத்துப் பிழைக்கும். மீட்டர் வச்சா ஒண்ணும் தெரியாது. நான் கைய வச்சா அது நல்ல பிள்ளையா இருக்கும், திரும்பிப் போனதும் ஆடும்.

பெரிய மெஷின்ல மாட்டினோம். ஃபிரிட்ஜுக்குப் பதிலா லேப்ல இருந்த ஒரு மோட்டாரை ஆன் பண்ணிப் பண்ணிப் பார்த்தோம். பத்து நிமிஷம் பதிஞ்சதுல ஒரே ஒரு இடத்துல அஞ்சு வோல்ட் கோடு பொசுக்குன்னு பள்ளத்துல விழுந்து ஏறுது. பிடிச்சுட்டேன்னு கத்திட்டேன். சின்னதுல இது வரவே வராதுன்னும் சொன்னேன். எப்சிக்கு ரோசம் வந்துட்டு. சின்னதை எடுத்து வச்சா. நாலரை வோல்ட்டுக்குக் கீழ விழுந்தா மட்டும் பிடின்னு டிரிக்கரை வச்சா. அப்படி வச்சுட்டா அது திரையை நிறுத்திட்டுச் சும்மாக் காத்துக்கிட்டு இருக்கும், வேண்டியது வந்த நிமிஷம் படக்குன்னு பிடிக்கும். எட்டாவது தடவை பிடிச்சுட்டு. ஏட்டி ஷம்ஸி, எதுக்காகக் காத்திருக்கோம்னு தெரிஞ்சா சின்னதே போதும்ட்டின்னு சொன்னா.

நான் சிரிச்சேன். திரும்புற ரயில்ல செய்துங்கநல்லூர் தாண்டினதும் அழுகையா வந்துட்டு. எதிர்ல உக்காந்திருந்த அம்மா வாழைத்தாரைக் கீழ இறக்கிட்டு, ஜன்னல் பக்கம் உக்காருங்கன்னு இடம் விட்டாங்க. காத்திருக்கிறதுக்கு எனக்கு ஒரு மெஷின் சொல்லித் தரணுமா மச்சான்?

இதுக்கு மேல இன்னைக்கு எழுத முடியல.

சனிக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

வியாழக்கிழமை எழுதினதைக் கிழிச்சுப் போடலாம்னு பார்த்தேன், மனசு வரல.

விஷயத்துக்கு வருதேன். போன மாசம் போன்ல, பெருசு இருந்தா நல்லாத்தான் இருக்கும்னு நான் வாய்தவறிச் சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதையே பிடிச்சுக்கிட்டு, கம்பெனி இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேக்குது, போட்டா உனக்குப் பெருசே வாங்கிரலாம்னு சொல்லுதீங்க. கையெழுத்துப் போட வேண்டியது பதினஞ்சாம் தேதி. ஒரு பெட்டிக்கு ரெண்டு வருஷமா? அல்லாவே! வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுற கதையால்லா இருக்கு.

ஆறு வருஷத்துல ரெண்டு தடவை வந்தீங்க. ரெண்டும் சேர்த்து அஞ்சு மாசம். பகல்ல முடுக்கு வழியா பொம்பளைங்க மிக்ஸியைத் தூக்கிட்டு வருதாங்க, பேசுதாங்க, வீடு வீடா இருக்கு. பொழுது சாய்ஞ்சு மக்ரிப் பாங்கு சொன்னதும் எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிருதாங்க. அதுக்கப்புறம் சாலிடரிங் வாசனையும் நானும்தான். ரெண்டு பேருக்கு ஆக்கினா மிஞ்சுது, ஒருத்திக்கு ஆக்க எனக்குக் கை வரமாட்டேங்குது. எனக்குத் தனியா இருக்கப் பிடிக்கல மச்சான். ஆறு பேர் கேக்க இதைச் சொல்ல முடியாமத்தான் இவ்வளவு பேப்பரும்.

ஊருக்கு வந்து நான் என்ன செய்யன்னு ஒரு தடவை கேட்டீங்க. அந்தப் பயம்தான் உங்களை அங்கன பிடிச்சு வச்சிருக்கு, தெரியாதுன்னு நினைக்காதீங்க. ஆறுமுகநேரி கடைக்காரங்க ரெண்டு பேர் போர்டு குடுத்தா பார்ப்பீங்களான்னு ஆள் விட்டுக் கேட்டாங்க. போய் வாங்கிட்டு வர ஆள் இல்லாம விட்டுட்டேன். குடோன்ல நூறு சாமானை ஒழுங்கா வச்சவங்களுக்குப் பத்து போர்டை வாங்கிக் குடுக்கத் தெரியாதா? நான் உள்ள பழுது பார்க்கேன், நீங்க வெளிய பாருங்க.

இப்ப கேளுங்க. இன்னைக்குக் காலையில ஒரு பார்சல் வந்துச்சு. சின்ன ஆஸிலோஸ்கோப். என் சொந்தச் சம்பாத்தியத்துல, புதன்கிழமையே ஆர்டர் போட்டுட்டேன். உங்களைக் கேட்டா வேண்டாம்பீங்கன்னுதான் கேக்கல. பிஸ்மி சொல்லி ஆன் பண்ணினேன், மாஷா அல்லாஹ், கோடு அழகா வந்துச்சு. லாத்தா வீட்டு போர்டுல காய்ஞ்சு போன ஒரு கெப்பாசிட்டரை மாத்தி, இந்த ஸ்கோப்பை அதுலயே மாட்டி விடியக்காலையில இருந்து காத்துப் பார்த்தேன்... இல்ல, பொய். பார்சல் வந்ததே ஒன்பது மணிக்கு. ஒன்பதுல இருந்து லுஹர் பாங்கு வரைக்கும் ஃபிரிட்ஜைப் போட்டுப் போட்டு நிறுத்திக் காத்துப் பார்த்தேன். கோடு ஒரு தடவைகூட விழல.

ஆக, நீங்க சொன்ன காரணம் நம்ம வீட்டு மேசை மேல உக்காந்திருக்கு. இனி நீங்க அந்தக் கையெழுத்தைப் போட்டா அது எனக்காக இல்ல. வேற காரணம் இருந்தா சொல்லுங்க, திட்ட மாட்டேன். ஆனா ஷம்ஸியாவுக்காகத்தான்னு உங்க ரூம்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க. என் பேரைச் சொல்லி மட்டும் போடாதீங்க.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல உடம்பையும் தெளிஞ்ச மனசையும் தரட்டும். பதினஞ்சாம் தேதி போன் பண்ணும்போது என்ன கறின்னு நான் கேக்க மாட்டேன். நீங்களா ஒரு தேதி சொல்லணும். அன்னைக்கு ரெண்டு பேருக்கு ஆக்கி வைப்பேன்.

உங்கள் துஆவில் என்றும் இருக்க விரும்பும்,
ஷம்ஸியா