நன்றி சொல்ல வருகிறாள்

என்னங்க,

சோறு குக்கர்ல இருக்கு. சின்னவளுக்கு மறக்காம இருமல் மருந்து குடுங்க.

உங்களை எழுப்ப மனசு வரல. இன்டர்வியூவுக்கு நீங்க தயார்பண்ணி அனுப்பினீங்களே, சர்ச் வாலிபர் கூட்டத்துப் பொண்ணு, அவ காலையில போன் பண்ணினா. அந்த வேலை அவளுக்கே கிடைச்சிடுச்சாம். சாயங்காலம் நன்றி சொல்ல வர்றா. நீங்களும் அதே வேலைக்குப் போனது அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

“ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்”னு நேத்து நீங்க சொன்னப்ப, “எப்போ வளரும்?”னு கத்தினேன். கத்தினதுக்கு வருத்தம்தான். கேட்டதுக்கு இல்ல.

பி.கு.: டீத்தூள் தீர்ந்துடுச்சு, அவளுக்குப் பால் காய்ச்சிக் குடுங்க. அவ போற வரைக்கும் சிரிச்ச முகமா இருங்க. அப்புறம் கதவைச் சாத்திட்டு எனக்கு போன் பண்ணுங்க. வேலைக்கு நடுவுல இருந்தாலும் எடுப்பேன்.