எது சித்தியின் வலது பக்கம்

19.8. செவ்வாய்
காலையிலேயே வெயில் கொளுத்தல். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் நின்றபடியே. நர்சிங் முதல் வருஷம், வெள்ளிக்கிழமை அனாடமி வைவா. உடம்பைப் பிரிக்கும் தளம் மூன்று. சாஜிட்டல்: இடம் வலமாக. கரோனல்: முன் பின்னாக. டிரான்ஸ்வர்ஸ்: மேல் கீழாக. வயிற்றுக்கு மட்டும் ஒன்பது கட்டம். யார் போட்ட கோடோ, என் உயிரை வாங்குகிறது. மேடம் இன்றும் கத்தல்: "எடது வலதுன்னா பேஷண்ட்டோடது. உன்னுது இல்ல!"

வாங்க: சோப்பு, வெள்ளை சாக்ஸ், ஹேர்பின்.

20.8. புதன்
மாலையில் தூறல். அம்மா கிள்ளையிலிருந்து திரும்பினாள். அவள் தங்கச்சிக்கு, என் சித்திக்கு, நேற்றிலிருந்து வயிற்று வலி. வாந்தி. லேசாகக் காய்ச்சல் வேறு. போன் போட்டேன். "வாயுடி, ஓமத்தண்ணி குடிச்சிட்டேன்." வைத்துவிட்டாள். பிடிவாதக்காரி.

"எங்கம்மா வலிக்குதாம்? உன் வயித்துல தொட்டுக் காட்டு."

"ஐயய்யோ! அடுத்தவங்க நோவ நம்ம மேல வச்சிக் காட்டுவாங்களா? நமக்கு வந்துடும்டி."

சுவரில் என் அனாடமி சார்ட். அதிலிருக்கும் ஆளின் வயிற்றில், கீழே ஓரக் கட்டத்தைத் தொட்டாள். படத்து ஆளுக்கு அது இடது. அப்பெண்டிக்ஸ் வலதில்தானே, அப்பாடா என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வாய்க்குப் பிறகுதான் உறைத்தது. படத்து ஆள் நம்மைப் பார்த்து நிற்கிறான். அம்மா தொட்டது தன் வலக்கைப் பக்கம்!

"சோத்தாங்கை பக்கமாம்மா?"

"அவ படுத்திருந்தா, நான் எதிர்ல ஒக்காந்திருந்தேன். கொழப்பாதடி."

"அப்பெண்டிக்ஸா இருந்தா ஆபத்தும்மா. உடனே தெரியணும்."

அம்மா தரையில் படுத்தாள், சித்தி படுத்திருந்த மாதிரியே, காலை மடக்கி. தன் அடிவயிற்றில் கை வைத்தாள். வலது. கீழே.

"வந்தா எனக்கே வரட்டும். அவளுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

சித்தப்பாவுக்குப் போன். திட்டித்தான் ஆட்டோவில் ஏற்றினாராம்.

21.8. வியாழன்
அப்பெண்டிக்ஸேதான். சிதம்பரத்தில் ஆபரேஷன் ஆகிவிட்டது. இன்னும் விட்டிருந்தால் வெடித்திருக்குமாம். அம்மாவும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். படிக்கவே இல்லை.

22.8. வெள்ளி
வைவா சுமார். நேரே வார்டுக்கு. அம்மா படுத்துக் காட்டியதை உளறிவிட்டேன். சித்திக்கு வந்ததே கோபம்.

"ஏன்க்கா, ஒனக்கு அறிவு இருக்கா? ஒன் மேல வச்சா காட்டுவ? கிட்ட வா."

தையல் வலியில் முகம் சுளித்தபடி, டிரிப்ஸ் ஏறும் கையை நீட்டி, அம்மாவின் வயிற்றை வழித்து வழித்து ஜன்னல் பக்கம் உதறினாள். அம்மா அசையாமல் நின்று கொடுத்தாள்.