மேட்னி அம்மணியும் மாடி அறையும்

என் செலின் அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் பழையபடி உட்கார்ந்திருக்கிறேன். "உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவாங்க" என்று நாளெல்லாம் சொல்கிறேன். யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் "ஆமாங்க, ஹார்ட் அட்டாக்" என்கிறேன். இரண்டும் ஒரே குரலில்தான் வருகின்றன.

நீ ஃபோனில் எழுதிக்கொண்டிருந்த சினிமாக் குழுவிலேயே இந்தக் கடிதத்தைப் போடப் போகிறேன். அங்கே உனக்கு 'மேட்னி அம்மணி' என்று பெயர். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மேட்னி அம்மணி என் அக்கா. வயது ஐம்பத்தொன்பது. பீளமேட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள். மாமா, அதாவது அவள் கணவர், இறந்தபின் ஐந்து வருடமாக என் வீட்டிலிருந்து இரண்டு வீதி தள்ளித் தனியாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வருவாய். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் படம் பார்ப்போம். கடைசியாகப் பார்த்த படம் ஞாபகம் இருக்கிறதா? பையன் ஃபோனில் லைக் எண்ணிக்கொண்டிருப்பான், பக்கத்து அறையில் அப்பா உயிர் போய்க் கிடப்பார். முடிவில் அவன் ஃபோனைக் கிணற்றில் எறிந்ததும் சொந்தபந்தமெல்லாம் வந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எந்தப் படத்துலயும் பாரு, போன்ல பழகறவன் ஒண்ணு திருடனா இருப்பான், இல்லீனா ஏமாளியா இருப்பான். போனத் தூக்கி வீசுனா ஒறவு வந்து ஒட்டிக்குமாமா. போனில்லாத காலத்துல மட்டும் பக்கத்து ரூம்புல இருக்கறவன் மனசு யாருக்குத் தெரிஞ்சுது அம்மணி?"

"மொகம் பாக்காமப் பழகறதெல்லாம் ஒரு பழக்கமாக்கா? நேர்ல உக்காந்து பேசறதுதான் ஒறவு" என்றேன்.

நீ எதையோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு, "சரி உடு, காபி போடு" என்றாய். நாம் நேரில் உட்கார்ந்து பேசிய கடைசிப் பேச்சு அதுதான். வியாழக்கிழமை காலையில் நீ ஃபோனை எடுக்கவில்லை. மாற்றுச் சாவி கொண்டுபோய் நான்தான் கதவைத் திறந்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், 'மேட்னி அம்மணி இறந்துவிட்டார், நான் அவர் தங்கை' என்று உன் ஃபோனிலிருந்தே குழுவில் எழுதினேன். பதிலுக்குக் கூப்பிய கை எமோஜிகளாக வந்து குவிந்தன. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குக் கீழேயே ஏதோ புதுப்பட டிரெய்லரைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னேனே, பார்த்தாயா அக்கா என்று நினைத்துக்கொண்டேன். செத்தவளிடமும் ஜெயிக்கப் பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் தனியாக ஒரு செய்தி வந்தது. "தாராபுரத்துல இருந்து செந்தில் எழுதறனுங்க. ஊட்டுக்கு வந்து துக்கம் கேக்கலாங்களா?" உன் ஃபோனில் அந்தப் பெயரோடு மூன்று வருடப் பேச்சு இருந்தது. நான் படிக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"வேண்டா ஸ்டெல்லா. என்ன வில்லங்கம் புடிச்ச ஆளோ" என்றார்.

நாங்கள் பார்த்த படங்கள் அப்படி. ஆனாலும் வரச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறி வந்தார்கள், அவரும் மனைவி புவனாவும். அவருக்கு நாற்பது வயது இருக்கும். உரக்கடை வைத்திருக்கிறாராம். மத்தியானம் ஆள் வராத நேரத்தில்தான் உன்னோடு படங்களைப் பற்றிப் பேசுவாராம். உன் போட்டோவுக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

"இவிங்கதானுங்களா? என்ற வயசுதான் இருக்கும்னு நெனச்சிட்டிருந்தனுங்க. பேரும் இப்பத்தான் தெரியுதுங்க."

எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் முகம் தெரியாது, பேர் தெரியாது, வயது தெரியாது. அவ்வளவுதான் இந்தப் பழக்கம் என்று நினைத்தேன். காபி கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டார்:

"ஏனுங்க, அந்த மாடி ரூம்பு இன்னும் காலியாத்தான் கெடக்குதுங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"தங்கச்சி பையன் பெங்களூரு போனதுல இருந்து அந்த ரூம்பு சும்மா கெடக்குது, ஸ்டெல்லா ஒரு வார்த்த கூப்பிட்டா நாளைக்கே போயிருவேன்னு எழுதுவாங்க. நீங்களே கேட்டுப்போடுங்கன்னு நானும் எத்தனையோ தடவ சொன்னனுங்க. அவ ஊடு, அவ ஊட்டுக்காரரு, நாம போய் எடஞ்சலா நிக்கறதான்னு..."

புவனா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கையைத் தொட்டாள். "போதும் உடுங்க" என்றாள். அவர் காபியைக் குடித்தார். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன்.

அக்கா, போன வருடமே அந்த அறைக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டேன், உன்னை நினைத்துத்தான். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. எத்தனை ஞாயிறு கேட்க நினைத்தேன் தெரியுமா? மாமா போன புதிதில் "என்னையத் தனியா உட்ருங்க, அதான் நிம்மதி" என்று நீ சொன்னாய். அதையே பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். ஒரு முறை சொன்னதை ஐந்து வருடத்துக்கும் சேர்த்துச் சொன்னதாக ஏன் எடுத்துக்கொண்டேன்? அன்று அந்தப் படம் முடிந்ததும் நீ சொல்ல வந்தது இதுதானா?

நீ தினமும் போடும் பிரஷர் மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியும். அவருக்கு உன் பெயரே தெரியாது. உன் ஆசை அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் தாராபுரத்தில் இருந்துகொண்டு அவரால் என்ன செய்திருக்க முடியும்? இதை எப்படிப் படமாக எடுப்பார்கள்? இதில் வில்லன் யாரும் இல்லை. கிணற்றில் எறிய ஒரு பொருளும் இல்லை.

அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிவியை நிறுத்தினார்.

"நானே உன்கிட்டக் கேக்கலாம்னு இருந்தேன் ஸ்டெல்லா, உங்கக்காவ மேல கூப்பிட்டு வெச்சுக்கலாமான்னு. அக்கா தங்கச்சிக்குள்ள நாம எதுக்குப் பேசோணும்னு உட்டுப்போட்டேன்."

அப்போதும் அழுகை வரவில்லை. எழுந்துபோய் மறுநாளைக்கு அரிசி ஊறப் போட்டேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா. யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கே கூப்பிட்டுவிடுவேன். வர விருப்பமில்லை என்றால் அதை அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்குப் பதிலாக அந்த 'இல்லை'யை இனி நானே சொல்லிக்கொள்ள மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா