ரப்பர் குழாயில் என் பேனா மூடி

மச்சான்,

என் பேனா மூடி கிடைத்துவிட்டது. கிடைத்த இடம், உன் பழைய பெட்ரோல் ஜீப்பின் இன்ஜின். இன்று காலை என் கண்ணெதிரே எடுத்துக் கொடுத்தவர் மஞ்சக்குப்பம் மெக்கானிக் பாய். நீல மூடி, நுனியில் என் பல் தடம், பக்கவாட்டில் ஒரு விரிசல். மேசைமேல் வைத்திருக்கிறேன். பெட்ரோல் வாடை போகவில்லை. வேறு எதையும் எழுத ஓடவில்லை.

நீ படம் எடுக்க, நான் செய்தி எழுத, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே அந்த ஜீப்பில் எத்தனை முறை போயிருப்போம். டீக்கடையில் நின்றாலும் நீ இன்ஜினை அணைக்க மாட்டாய். டீ கிளாஸை பானட்டின்மேல் வைத்து, டீ அலையடிக்கிறதா என்று குனிந்து பார்ப்பாய். அலையடித்தால் கிளாஸ் என் கைக்கு வரும், பானட் திறக்கும்.

"டைமிங் நவுந்துக்கிச்சி மச்சான். பேனாவக் குடு."

"செய்தி எதால எழுதறது?"

"மூடி மட்டும் போதும். நீ எழுதறதுக்கு மூடி வேற ஒரு கேடா?"

இன்ஜினின் உறிஞ்சலுக்கு ஏற்ப, தீப்பொறி விழும் நேரத்தை ஒரு சின்ன ரப்பர் குழாய் மாற்றிக்கொண்டே இருக்கும். டைமிங் வைக்கும்போது அதைக் கழற்றி, காற்று புகாமல் வாயை அடைக்க வேண்டும். முடிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். அடைக்க உனக்கு அளவாக இருந்தது என் பேனா மூடிதான்.

நீ போன பிறகு ஜீப் உன் வாசலிலேயே நின்றது. உன்னைக் கட்டிக்கொண்ட தங்கச்சிதான் அவ்வப்போது எடுத்து ஓட்டப் பழகினாள். அவளுக்கு இப்போது சிதம்பரத்தில் வேலை.

"பஸ்ஸுல நின்னுக்கினே போயி இடுப்பு உட்டுப்போச்சிண்ணே. வண்டி வாசல்ல இருக்கச்சொல்ல நான் ஏன் அப்பிடிப் போவணும்?" என்றாள். ஆனால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வண்டி நின்ற இடத்தில் உடம்பெல்லாம் உதறியது, புகைப் பரிசோதனையில் தேறவில்லை. திங்கட்கிழமை ஆய்வில் பாஸ் ஆகாவிட்டால் வண்டியை எடுத்துப்போகப் பழைய இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லிவிட்டாள். சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாய் பிளக்கை மாற்றினார். பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்தார். டைமிங் லைட் அடித்துப் பார்த்தார். குறி சரியான இடத்தில் இருந்தது, உதறல் நிற்கவில்லை. காதால் கேட்டுக் கொஞ்சம் முன்னே தள்ளி வைத்தார். நின்ற இடத்தில் அடங்கியது. கெடிலம் பாலம் ஏறும்போது உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் இடித்தது. பழைய இடத்துக்கே திருப்பினார். என்னால் உட்கார முடியவில்லை.

"எதுனா தெரியுதா பாய்?"

"நீங்க ஒக்காந்தா தெரியும் சார். உங்க செருப்பு சத்தம்தான் ஜாஸ்தியா கேக்குது."

உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு குழாயாக விரலால் நசுக்கிக்கொண்டே வந்தார். ஒன்றை நசுக்கியதும் இன்ஜின் சட்டென்று அடங்கியது. விட்டார், உதறியது. வயர்களுக்கு அடியில் சொருகியிருந்த அதன் முனையை வெளியே இழுத்தார். விரிசல் வழியே காற்றைத் திருடிக்கொண்டிருந்தது என் மூடி.

"இத யாரு சார் சொருவனது?"

கடைசியாக நீ டைமிங் பார்த்த அன்று, தேவனாம்பட்டினத்தில் ஒரு படகு திரும்பவில்லை என்று நான் போன் செய்தேன். "அஞ்சி நிமிஷம் மச்சான், குழாய மாட்டிட்டு வரேன்" என்றாய். அதற்குள் உன் வாசலில் என் பைக் வந்துவிட்டது. கிரீஸ் கையோடு ஏறினாய். சாயங்காலம் படகு வந்து சேர்ந்தது. வந்தவர்களைத் திட்டிக்கொண்டே சிரித்த பெண்களை நீ படம் எடுத்தாய். மறுநாள் காலை உனக்கு நெஞ்சுவலி. பானட்டை யார் மூடினார்கள் என்று தங்கச்சியைக் கேட்டேன். அவளுக்கும் நினைவில்லை. அந்த மூடி இத்தனை நாள் தாங்கியிருக்கிறது.

பாய் குழாயை மாட்டி, டைமிங்கைத் திரும்பவும் சரிபார்த்தார். மதியம் புகைச் சான்று கிடைத்தது. வீட்டு வாசலில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, தங்கச்சி டீ கொண்டுவந்து பானட்டின்மேல் வைத்தாள். உன்னைப் போலவே குனிந்து பார்த்தாள். அலையில்லை.

"இரும்புக் கடைக்காரருக்கு என்ன சொல்ற?" என்றேன்.

"திங்கக்கெழம சொல்றேண்ணே. மொதல்ல பாஸ் ஆவட்டும்."

ஆய்வு காலையில். முடிவு மதியத்துக்குள் தெரியும் என்கிறார் பாய். அவள்தான் ஓட்டுகிறாள், நான் பக்கத்தில். உனக்கென்று ஒன்று சேர்த்து இரண்டு பேனா வைத்துக்கொள்ளும் பழக்கம் என் சட்டைப் பையை விட்டு இன்னும் போகவில்லை. திங்கட்கிழமையும் இரண்டு இருக்கும். வழியில் உதறினால் அவள் மூடி கேட்பாள்.