அடையாள அட்டையிலுள்ள தலை

எல்கடுவ,
06.08.1998

அன்புள்ள மீனாம்பிகைக்கு,

நான் நல்ல சுகம். உமது முழங்கால் வலி எப்படி?

உமது அண்ணா கனடாவிலிருந்து அனுப்பிய முடி மருந்தை நிறுத்திவிட்டேன். அது நன்றாகத்தான் வேலை செய்தது. நேற்று பஸ்ஸை மறித்த ஆமிக்காரர் என் அடையாள அட்டையையும் தலையையும் மாறிமாறிப் பார்த்தார். படத்தில் வழுக்கை, எதிரே சுருள்முடி! பின்னாலிருந்த என் மாணவி ஒருத்தியின் தாய் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஆமிக்காரர் சிரித்தபடி அட்டையைத் தந்தார்.

“மருந்து தேய்ச்சு வளர்த்த முடின்னு சொல்லிட்டேங்க, சேர்,” என்றார் அந்தத் தாய் என்னிடம்.

பஸ்ஸே சிரித்தது, நானும்தான். ஆனால் ஊருக்கு வரும் வழியிலுள்ள சோதனைச் சாவடிகளிலெல்லாம் அந்தத் தாய் இருக்கமாட்டாரே.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். இங்கே குளிர், கம்பளித் தொப்பி ஒன்று பின்னி அனுப்பும். அளவு கேட்டு எழுத வேண்டாம், பழைய தலைதான் திரும்பி வருகிறது.

உமது,
தர்மலிங்கம்